விளையாட்டு அடுப்புப் பக்கத்தில் ஒரு செடி

பாப்பாவோட அப்பாவுக்கு வணக்கம்.

நீங்களும் பாப்பாவும் சௌக்கியம்தானே? வேலைக்கு வந்த இந்த ஊர்ல நானும் நல்லா இருக்கேன். மெமோ ஒண்ணு வாங்கியிருக்கேன், பயப்படாதீங்க.

என் வகுப்புல மூணு வயசுப் பிள்ளைங்க பதினெட்டு பேர். பார்க்க வர்றவங்களுக்கு அழகா இருக்கணும்னு தலைமை ஆசிரியை ஒரு பெரிய தொட்டிச் செடியைக் கொண்டுவந்து வச்சாங்க, அதுவும் பிள்ளைங்க விளையாடுற பொம்மை அடுப்புக்குப் பக்கத்துல. இலையைக் கடிச்சா நாக்கு வீங்கிடும்னு சொன்னேன். காதுல போட்டுக்கலை.

திங்கட்கிழமை நம்ம பாப்பா மாதிரியே ஒரு வாலு, இலையைப் பிச்சு பொம்மைச் சட்டியில கிண்டி, "டீச்சர், சாப்பாடு ரெடி"ன்னு நீட்டினா. நல்லவேளை, ருசி பார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தா.

தொட்டியைத் தூக்கிட்டுப் போய் தலைமை ஆசிரியை மேஜை மேலயே வச்சேன். "எடுத்த இடத்துல கொண்டுபோய் வை"ன்னாங்க. "நீங்க ஒரு இலையைக் கடிச்சுக் காட்டுங்க மேடம், வச்சுடறேன்"னேன். கடிக்கலை, மெமோ கொடுத்தாங்க. விளக்கம் கேட்டிருக்காங்க. நாளைக்கும் தூக்குவேன்னு ஒரே வரியில எழுதிக் கொடுத்துட்டேன்.

உங்களுக்கு ரெண்டு சின்ன வேலை. பாப்பாவுக்குத் திராட்சையை நீளவாக்குல நாலா நறுக்கிக் கொடுங்க, முழுசா கொடுத்தா தொண்டையில அடைச்சுக்கும். நீங்க அனுப்பின போட்டோல பாப்பா பக்கத்துல மணி பிளாண்ட் இருக்கு, அதையும் கடிச்சா ஆகாது, இன்னைக்கே உயரத்துல வைங்க. போட்டோவைப் பார்த்ததும் என் கண்ணு முதல்ல அந்தத் தொட்டிக்குத்தான் போச்சு. அப்புறம்தான் அவளைப் பார்த்தேன். முடி தோளைத் தொட்டுடுச்சே, ஏன் எனக்கு எழுதலை?

மணி அடிச்சுட்டாங்க, ஓடறேன்.

உங்க மெமோக்காரி