எந்த ஊசி போடுவாய்?

அன்பு மகனுக்கு,

உன் மகள் இன்று டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். நீ வராத அந்த அறையில், தசைநார் கிழிந்த தோளில் கட்டோடு முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ரத்தத்திலிருந்து பிரித்த மருந்தை, வெள்ளை அணுக்களோடு ஒரு விதமும் அவை இல்லாமல் ஒரு விதமுமாக, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்த, தசைநாரை வளர்க்கும் செல்களுக்கு ஊட்டிப் பார்த்திருக்கிறாள். வெள்ளை அணு கலந்தது வீக்கத்தைக் கூட்டியதாம். கலக்காதது நாரை நன்றாக வளர்த்ததாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது, உனக்குப் புரியாதா?

கேள்வி கேட்க வந்த பேராசிரியர் என்னைக் காட்டினார். "சரிம்மா, உன் பாட்டி தோளுக்கு இதுல எதைப் போடுவே?"

அவள் அசரவே இல்லை.

"இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம் சார். கிண்ணத்துல ஜெயிச்சது பாட்டி தோள்ல ஜெயிக்குமான்னு எனக்கு இன்னும் தெரியாது."

"அப்பாடா! தெரியாதுன்னு சொல்ல ஒரு ஆளாவது வந்துச்சே!" என்று அவர் சிரித்தார். நான் கட்டை மறந்து கைதட்டிவிட்டேன். வலியில் உயிர் போனது, போகட்டும்.

வெளியே வந்ததும், "அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா பாட்டி?" என்றாள்.

அவளைப் போல உண்மை சொல்ல எனக்கு வரவில்லை. "காலையிலேயே கேட்டான்டி, உன்கிட்டயும் பேசுறேன்னான்" என்று சொல்லிவிட்டேன். முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவளுக்கு.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, ராசா.

உன் அம்மா