ஈரச்சாக்கும் பெட்ரோல் டேங்கும்

பென்னி,

கார் சாவியைத் தேடாதே, சாவியை மட்டும் என்னோடு வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். எழுந்ததும் கத்துவாய் என்று தெரியும். கத்து. சோறு குக்கரில் இருக்கிறது, சங்கரா மீன் குழம்பு சட்டியில்.

காசிமேட்டிலிருந்து மீன் லோடு அடித்துவிட்டு வந்து நீ படுத்ததும் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மீன் தண்ணீர் சொட்டி இற்றுப்போன தகடு சத்தம் போடுகிறது என்று பிடுங்கி எறிந்தாயே, சைலன்சர் சூடு பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கில் படாமல் தடுத்தது அது ஒன்றுதான். அதற்குப் பதில் நீ கட்டிய ஈரச்சாக்கு பாதி கரியாகிவிட்டது. தொட்டால் உதிர்கிறது.

"ஈரச்சாக்கு போட்டா ஐஸே கரையாம கீது, டேங்குக்கு இன்னா ஆவும்?" என்று நேற்றுச் சிரித்தாய். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சைலன்சர் இல்லை, பென்னி. சாக்கு காய்ந்துவிட்டால் அதுதான் முதலில் பற்றும்.

நாலு மணிக்கு மெக்கானிக் ஜெயவேல் புதுத் தகடு கொண்டுவருவார். அவரிடம் வாயாடாதே. ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ண உனக்குத் தெரியும். பண்ணாதே. உன் காலில் விழுகிறேன். எண்ணூர் கல்யாணத்துக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போகலாம்.

ரூத்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு நான் ஏன் குனிந்து பார்த்தேன் தெரியுமா? பள்ளிக்கூடம் கிளம்பும்போது பாப்பா சொன்னாள்: "நம்ம கார் பின்சீட்டு கதகதன்னு கீதும்மா, அப்பா மடி மாரி. அதான் ஏறினதும் அங்கியே தூங்கிட்றேன்."