வெள்ளைப் பை கட்டிய செடிகள்

ஜூன் 6

காட்டுப் பாதையில் மஞ்சள் பூக்கள் ஓய்ந்துவிட்டன. ஓடைத் திருப்பத்தில் நீலம் ஆரம்பம். விதை பிடித்த காம்புகளுக்கெல்லாம் வெள்ளைத் துணிப்பை கட்டினேன். இல்லாவிட்டால் காய் வெடித்ததும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். போன வருடம் சேர்த்த ஒருவகை விதையைக் கீழ் வீட்டில் இருக்கும் அக்கா புருஷனுக்கு, அத்தானுக்கு, இருமலுக்குக் கொடுத்தேன், கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு வெள்ளைப் பை என்றால் மருந்துக்கடை.

ஜூன் 15

கீழ் வீட்டில் அக்காவோடு சண்டை. வந்தவர்கள் முன்னால், "ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்திருந்தா இப்படிப் பூப்பூவா எண்ணிக்கிட்டு காட்டுல திரிவாளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளாக மாடியேறி வரட்டும். அதுவரை அவள் வாசலை மிதிக்க மாட்டேன்.

ஜூன் 28

ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்குப் புதிதாக ஒரு செடிக்கூட்டம். குடைகுடையாக வெள்ளைப் பூ. அழகுதான். தண்டில் ஊதாப் புள்ளிகளைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். குச்சியால் இலையை நசுக்கினால் எலிப்பொந்து நாற்றம்.

வனக்காவலரைக் கூட்டிவந்து காட்டினேன். "பேய்ச்சோம்புங்க. மாடு மேஞ்சாக்கூட எழுந்திருக்காது. பிடுங்க ஆள் வர நாளாகும். அதுவரைக்கும் விதை சிந்தாம பாத்துக்கங்க."

ஜூலை 9

பேய்ச்சோம்பு விதை பிடித்துவிட்டது. பச்சையாக, வரிவரியாக, அசல் சோம்பேதான். கையுறை போட்டுக்கொண்டு பை கட்டினேன். இருந்தது அந்த வெள்ளைத் துணிதான்.

அக்கா வீட்டில் பேச்சுச் சத்தம். வயிறு உப்புசம் என்று புலம்புகிறாள். புலம்பட்டும்.

ஜூலை 17

பேய்ச்சோம்புப் பைகளில் பாதியைக் காணோம். ஆடு மாடு வேலை இல்லை. காம்போடு, கத்தரியால், நிதானமாக வெட்டியிருக்கிறார்கள். விதையோடு பையும் போயிருக்கிறது.

எதற்கு? இப்போது யார் வீட்டு அடுப்படியில் இருக்கிறது? எழுத்து கோணலாக வருகிறது.

ஜூலை 18

வனக்காவலரும் நானும் பாதை முகப்பில் பலகை மாட்டினோம் — 'பையில் இருப்பது விஷம்.' மீதியிருந்த விதையை வெட்டி எடுத்து வனக்காவலரிடம் ஒப்படைத்தேன். பால்காரர், மருந்துக்கடைக்காரர், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 19

அத்தான் மாடிப்படியில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்த வீம்பு? நான் ஒரு வேலை பண்ணியிருக்கேன். நாளைக்கு உங்கக்கா தானா மேல ஏறி வருவா பாரு."

"அவ தூது அனுப்பினாளா? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு, அத்தான்" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

ஜூலை 20

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அக்கா வந்தா. காலையில. மாடியேறி என் வாசலுக்கே வந்து நின்னா. படிக் கைப்பிடியை விடாம பிடிச்சிருந்தா.

"கோவத்துலயும் என் வயித்தை நினைச்சியேடி. நீ விதை கொடுத்தனுப்பினேன்னு அத்தான் சொன்னார். கொதிக்க வச்சுக் குடிச்சேன். என்ன கசப்பு! நீ கொடுத்ததாச்சேன்னு ஒரு சொட்டு விடலை." அப்புறம்தான் சொன்னா — "காலுதான் என்னமோ மரத்துப்போச்சு."

நான் எதுவும் கொடுக்கலையே, அக்கா!

அவளைப் பிடித்து உட்காரவைப்பதற்குள் இடுப்புக்குக் கீழே தொய்ந்துவிட்டது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. வண்டியில் வரும்போது என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூச்சுதான் சின்னதாகிக்கொண்டே போனது.

ஊரெல்லாம் சொன்னேனே. கீழே இறங்கி ஒரு வார்த்தை சொல்லலையே. ஏன் சொல்லலை?

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "வெள்ளைப் பைதானே கட்டியிருந்தது?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆமாம் என்று எப்படிச் சொல்வேன்?

ஜூலை 21

மெஷின்தான் மூச்சு விடுகிறது.

ஆகஸ்ட் 11

இன்றுதான் பிடுங்க ஆள் வந்தார்கள். மண்வெட்டியால் வேரைத் தோண்டி, மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சமிருந்த வெள்ளைப் பைகளை நான் எரித்தேன்.

அத்தானும் வந்தார். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. திரும்பும்போது பாதையோரத்தில் ஒவ்வொரு செடிக்கும் நின்றார். "இது நல்லதா?" நல்லது, அத்தான். நாலடி நடந்து இன்னொன்று. "இது?" அதுவும் நல்லதுதான். கடைசிவரை கேட்டுக்கொண்டே வந்தார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் கீழ் வீட்டுக்குப் போய், அக்கா போனபின் யாரும் பற்றவைக்காத அடுப்பைத் துடைத்து, கேஸை மூடிவிட்டு வந்தேன். இனி அத்தானுக்கும் மாடியில்தான் சாப்பாடு. நான் முதலில் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவர் தட்டில் கை வைக்கிறார்.