பேரிங் மாற்றாத ஃபேன்

இன்று காலை சுவிட்ச் போர்டு பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், படுக்கையறை ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். "பேரிங் போயிகீதுக்கா. மாத்திட்டா சத்தமே வராது" என்றான். அதில் மட்டும் கை வைக்காதே என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அவனை ஏணியோடு வெளியே அனுப்பியிருப்பீர்கள்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், பிரஸ் ஷாப்பில் தகடு அடித்து அடித்து உங்கள் காதுக்குள் வந்து உட்கார்ந்த அந்தக் கூவல், வேலையை விட்ட பிறகும் உங்களை விடவில்லை. பகலில் பஸ் சத்தத்திலும் டிவி சத்தத்திலும் எப்படியோ ஓடிவிடும். படுத்தால் பிடித்துக்கொள்ளும். இந்த ஃபேன் கடகடக்க ஆரம்பித்த பிறகுதான் நீங்கள் ஒழுங்காகத் தூங்கினீர்கள். அது எனக்கு எங்கே தெரியும்? என் தலைவலிக்கு ஒரு வழி பண்ணலாம் என்று, நீங்கள் வேப்பம்பட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பேரிங்கை மாற்றிவைத்தேன். மறுநாள் சிவந்த கண்ணோடு உட்கார்ந்து, "உன்ன யார்மே ரிப்பேர் பண்ணச் சொன்னது?" என்றீர்கள். பழைய பேரிங்கைத் தேடிப் பிடித்து மறுபடி மாட்ட வைத்தீர்கள். மாட்டியவன் கோவில்பதாகை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அதன் பிறகு மார்கழியிலும் ஃபேன் ஓடியது. நான் தலையோடு போர்த்திக்கொண்டு உங்களைத் திட்டினேன்.

டாக்டரிடம் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். சத்தம் பத்துக்கு எவ்வளவு? "கூவுறது கூவிகினு போவட்டும் டாக்டர். எனக்குத் தூக்கம் வந்தா போதும்" என்பீர்கள். அதை அவர் எழுதவே மாட்டார். ஒருமுறை எரிச்சலில் வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னீர்கள். அதை எழுதிக்கொண்டார்.

அதே டாக்டர்தான் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். காது இரைச்சலுக்கு எத்தனையோ சிகிச்சைகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனையோ ஆராய்ச்சிகள். ஒரு டாக்டர் குழு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து, எது பலன் தருகிறது, எது தரவில்லை என்று சொல்லப் போகிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யக் கூட்டம், நோயாளி வீட்டாரும் வர வேண்டும் என்றார். உங்களுக்காக ஆவடியில் பஸ் மாறிப் பூந்தமல்லிக்குப் போனேன்.

எந்தச் சிகிச்சை தூங்க விடுகிறது, அதை முதலில் பாருங்கள் என்று சொன்னேன். நல்ல கேள்வி என்றார் கூட்டத்தை நடத்திய பெரிய டாக்டர். ஆனால் ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் சத்தத்தின் அளவைத்தான் அளந்திருக்கிறார்கள், தூக்கத்தை அளந்தவை குறைவு. அதனால் தூக்கத்தை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அளக்காம வுட்டது உங்க ஆளுங்க. அதுக்கு எங்க தூக்கம் ஏன் சார் வரிசைல நிக்கணும்?" என்றேன்.

டீ வந்தது. பிறகு தூக்கத்தை முதலில் எடுக்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என்னோடு கை தூக்கியவர் ஒரே ஒருவர், பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவருக்கும் இரைச்சல் உண்டு. தூக்கம் கடைசிக்குப் போய்விட்டது.

வெளியே வந்ததும் பாய் சொன்னார். "எங்க ஊட்ல பழைய கூலர் ஒண்ணு ஓடுதும்மா, லாரி மாதிரி. அத நிறுத்திட்டா எனக்குத் தூக்கம் கெடையாது." இதை உள்ளே சொல்லியிருக்கலாமே பாய் என்றேன். "யாரு கேட்டாங்க?" என்றார்.

வீடு வரும்வரை மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷம் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தீர்களே, ஒருமுறையாவது ஃபேனைப் பற்றிச் சொன்னீர்களா? நானும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். பாயையும் வரச் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் அவர் கூலரைச் சொல்வார், நான் ஃபேனைச் சொல்வேன். நீங்கள் சொன்னதையும் சொல்வேன், கூவுறது கூவிகினு போவட்டும் என்று. இந்த முறை அவர்களை எழுத வைக்காமல் விட மாட்டேன்.

எனக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் கரண்ட் போய் இந்த ஃபேன் நின்றால் இப்போது விழித்துக்கொள்கிறேன்.