சாய்ந்தே நிற்கும் ஐந்து வீடுகள்

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டைவிரல் கொஞ்சம் நசுங்கியது, அதனால்தான் எழுத்து கோணல்.

இங்கே தெற்கே, சஃபோக்கில் இப்போது பழுது பார்ப்பது ஒட்டிக் கட்டிய ஐந்து மரச்சட்ட வீடுகள். நானூறு வருஷமாக ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தே நிற்கின்றன. செவ்வாய்க்கிழமை, நடு வீட்டில் இறங்கிப்போன ஓக் தூணை ஜாக்கி வைத்து நிமிர்த்தினேன். உடனே பக்கத்து வீட்டுக் கதவு இறுகிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட டார்கஸ் அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ் வடக்கத்தியானே! நடு வீட்டுக்காரி வீட்டை நிமித்தறேன்னு என்னை உள்ள வச்சு அடைச்சுட்டியே! நாங்க சாஞ்சே இருந்துக்கறோம், எறக்குய்யா!" என்று கத்தினாள். இறக்கினேன், கதவு திறந்தது. திட்டிக்கொண்டே வந்தவள் கையில் எனக்கும் ஒரு கோப்பை டீ.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், அவசரமாக முடிக்கிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நம் சமையலறைக் கதவு தரையில் உரசுகிறதென்று உன் தம்பியை விட்டு இழைத்துவிடாதே. நான் நுழையும்போது அது உரசினால்தானே, திரும்பிக்கூடப் பார்க்காமல் "வந்தாச்சா?" என்பாய். அதைக் கேட்டு ஏழு மாதம் ஆகிறது.

உன்
எனோக்