கிரேன்காரர் ஊரில் ஐந்து நாள்

மார்ச் 3, செவ்வாய்

லீவு கிடைத்துவிட்டது. லேப் டாக்டர் தலையைத் தூக்காமலே, "அஞ்சு நாளைக்கு ரத்தம் எடுக்க யாரு இருக்கா?" என்றார். புதுப்பெண் இருக்கிறாளே என்றேன். "அவ நரம்பைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள வந்தவருக்கு வியாதியே சரியாப் போயிடும்" என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய நகரத்துக்குக் கிரேன் ஓட்டப் போய் ஆறு வருடம். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. போன இரண்டு லீவுக்கும் அவரும் வரவில்லை. "கம்பெனியில விடல." அவ்வளவுதான் பதில். ஞாயிறு ஃபோன் என்றால் சாப்டியா, பாப்பா படிக்கிறாளா, சரி வச்சிடறேன். போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்க வரலைன்னா நான் வரேன் என்றேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "வா" என்றார்.

மகள் அக்கா வீட்டில் இருப்பாள். "என்னடி, ரெண்டாவது தேன்நிலவா?" என்று அக்கா கிண்டல் செய்தாள். தேனும் வேண்டாம் நிலவும் வேண்டாம், ஆளைப் பார்த்தால் போதும் என்றேன்.

மார்ச் 11, புதன்

ரயிலடியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் வருகிறேனா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இளைத்திருக்கிறார். காதோரம் நரை.

அவர் அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறார்கள். அதனால் எனக்கு வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே லாட்ஜில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம்.

கட்டிலில் உட்கார்ந்து, பார்க்க வேண்டியதையெல்லாம் விரல்விட்டுச் சொன்னார். மியூசியம். கண்ணாடிக் கோபுரம், லிஃப்டிலேயே உச்சி வரைக்கும் போகலாம். ஆற்றில் படகு. பெரிய பூங்கா.

"நீங்க?"

"ஞாயிறுதான் எனக்கு லீவு. அன்னைக்கு முழுக்க உன்கூடத்தான்."

மார்ச் 12, வியாழன்

மியூசியம் போனேன். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது. அதன் அடியில் இருந்த பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு புதுஜோடி போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். "அக்கா, உங்களையும் எடுக்கட்டுமா?" என்றாள் அந்தப் பெண். எடுத்த போட்டோவில் நான் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நிற்கிறேன். அழித்துவிட்டேன்.

சாப்பிடப் போன இடத்தில் "எத்தனை பேர்?" என்றான். ஒருத்தர்தான் என்றதும் தூணைப் பார்த்த மேஜையாகக் கொண்டுபோய் உட்கார வைத்தான். தூணைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அவர் இருட்டிய பிறகு வந்தார். "பாத்தியா?"

"திமிங்கிலம் பாத்தேன்."

"பெரிசா?"

"பெரிசு."

அடுத்த பேச்சுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

கண்ணாடிக் கோபுரம். "வடக்குப் பக்கம் பாத்தா என் கிரேன் தெரியும்" என்று சொல்லியிருந்தார். வடக்கே பார்த்தால் கிரேன் காடு. எல்லாம் மஞ்சள், எல்லாம் ஒரே உயரம். அங்கிருந்த காவலாளியிடம் கேட்டேன். "எதுன்னு தெரியாம எப்படிம்மா காட்டறது?" நியாயம்தானே. ஒன்றைப் பார்த்துக் கையசைத்தேன். யாருடைய வீட்டுக்காரரோ.

மாலை அவர் வரவில்லை. கான்கிரீட் போடுகிறார்களாம், நேரமாகுமாம். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவர் அறையில் இருக்கும் வெல்டர் வந்தார். நல்ல மனிதர். வாசலில் நின்றபடியே உலகக் கதையெல்லாம் பேசினார்.

"அண்ணன் மாதிரி ஒரு ஆளு கிடையாது தங்கச்சி. போன லீவுக்கு நாங்க எல்லாரும் ஊருக்குக் கிளம்பிட்டோம். இவரு மட்டும் ரூமைப் பாத்துக்கறேன்னு இருந்துட்டாரு. திரும்பி வந்தா ரூம் பளபளன்னு இருக்கு, எல்லாருக்கும் டீ வேற."

"அவருக்கு லீவு குடுக்கலையே அண்ணே."

"குடுத்தாங்களே. எல்லாருக்கும் தானே..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினார். பொட்டலம் ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாப்பிடவில்லை.

கம்பெனியில விடலையாம். என்கிட்டயே. லீவுக்கு அப்பா வருவாரான்னு அந்தப் பிள்ளை கேட்டுக் கேட்டு, அப்புறம் கேக்கறதையே விட்டுச்சே. ரூமைக் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தாராம். யாருக்காக? வேற யாராவது — இல்ல. இருக்காது. இருக்காதுன்னு நான் சொல்லி என்ன ஆகப்போகுது, எனக்கு என்ன தெரியும் அவரைப் பத்தி?

மார்ச் 14, சனி

விடிவதற்கு முன்பே அவர் வேலைக்குப் போய்விட்டார். வந்து எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பூங்காவுக்குப் போகவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே போனேன். நாலு வார்த்தை கேட்டுவிட்டு அப்படியே ரயில் ஏறுவது என்றுதான் போனேன்.

உள்ளே விட முடியாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரேன்காரர் மனைவி என்றதும் காவலாளி ஒரு நாற்காலி போட்டார். கிட்டத்தில், கையில் வாக்கி டாக்கியோடு சிக்னல்காரர் ஒருவர் நின்றார். மேலே இருப்பவருக்குக் கீழே இருந்து அவர்தான் கண். "மேல... இன்னும் மேல... மெல்ல... நிறுத்து." அந்தப் பக்கத்திலிருந்து "சரி" என்று ஒரு குரல். அவர் குரல். நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான் போலிருக்கிறது.

அண்ணாந்து பார்த்தேன். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கேபின். உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் காற்று எழும்பியது. வேலையை நிறுத்தினார்கள். பக்கத்துக் கிரேன்காரர் ஏணி வழியே இறங்கி வந்து டீ குடித்தார். இவர் இறங்கவில்லை.

"எப்பவும் இப்படித்தான்மா" என்றார் சிக்னல்காரர். "ஏறினா சாயங்காலம்தான். சாப்பாடு, தண்ணி, அவசரத்துக்குக் காலி பாட்டில், எல்லாம் மேலேயே கொண்டுபோயிடுவாரு. வாங்கன்னு கூப்பிட்டாலும் வரமாட்டாரு. நீங்க வந்திருக்கீங்கன்னு சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேபின் காற்றில் ஆடுவது கீழேயிருந்தே தெரிந்தது. கேட்க வந்த நாலு வார்த்தையும் எங்கேயோ போய்விட்டன. கோபம் போகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, பள்ளிக்கூடம் போகும் பையன் மாதிரி வந்து நின்றார். படகுக்குப் போனோம். படகு நகர்ந்ததும் கேட்டேன். நடு ஆற்றில் எழுந்து போக முடியாதே.

"போன லீவு உங்களுக்குக் குடுத்தாங்களா இல்லையா?"

ஒரு பாலம் வந்து போனது. அதைக் கட்டியது யார் என்று ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடுத்தாங்க. ரெண்டு தடவையும்."

"வேற யாராவது இருக்காங்களா?"

"ச்சே." என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துப் பேசினார். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "அதுக்கு முந்தின தடவை வந்தேன்ல. நீயும் பாப்பாவும் யார் யாரைப் பத்தியோ பேசிப் பேசிச் சிரிச்சீங்க. எனக்கு அதுல ஒருத்தரையும் தெரியல. பாப்பா எனக்குத் தண்ணி கொண்டாந்தா. தட்டுல வச்சு. வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுப்போமே, அப்படி. குடிச்சிட்டு தம்ளரை எங்க வைக்கறதுன்னு தெரியாம கையிலயே வச்சிருந்தேன்." தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போன தடவை ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயிலும் வந்துச்சு. ஏற முடியல" என்றார்.

பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கும் கேட்க இருந்தது.

"உங்களுக்குப் பேச ஆளில்லைன்னா எனக்கு மட்டும் யாரு இருந்தா? அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப, உங்க அம்மா போனப்ப, ராவெல்லாம் நான் யார்கிட்டப் பேசினேன்? விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க. நீங்க வந்தா மூணாம் நாளே கிளம்பிடறீங்க. அப்புறம் விருந்தாளி மாதிரி இருக்குன்னா?"

முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

படகிலிருந்து இறங்கும்போது அவர், "நான் இந்தப் படகுல ஏறினதே இல்ல. மியூசியமும் பாத்ததில்ல. எல்லாம் மேலேருந்து பாக்கறதுதான்" என்றார். பூங்காவில் பாதி வழி போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். சாயங்காலம்வரை உட்கார்ந்தோம்.

மார்ச் 16, திங்கள்

ரயில். ஏற்றிவிட அவரால் வர முடியவில்லை, வேலை. வண்டி நகரத்தைத் தாண்டும்வரை கிரேன்களாகவே வந்தன. எதற்கும் கையசைக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஃபோனில் சாப்டியா என்று கேட்டு முடித்த பிறகும் வைக்கவில்லை. அங்கே ஒரே காற்றாம். கேபினில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்ததாம். பிறகு, "உங்க லேப்ல ஒரு புதுப்பொண்ணு இருக்குன்னியே. அதுக்கு நரம்பு தெரியுதா இப்ப?" என்றார்.

ஜூன் 18, வியாழன்

அவர் லீவில் வந்து இன்றோடு ஐந்தாம் நாள். முதல் மூன்று நாளும் கூடத்தில் ஒரு ஓரமாக, சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். மகளும் "அப்பா சாப்பிட வாங்க" என்பதோடு சரி. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் பையை எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

இன்று காலை லேபில் கூட்டம். புதுப்பெண் வந்து காதோரம் சொன்னாள், "அக்கா, வெளிய ஒருத்தரு டோக்கன் வாங்கி வச்சிக்கிட்டு, பின்னால வர்றவங்களையெல்லாம் முன்னால அனுப்பறாரு. பயப்படறாரு போல."

எட்டிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அவர்.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"இல்ல. டோக்கன் இல்லாம உக்காரக் கூடாதுன்னாங்க." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல ஒண்டியா இருக்க முடியல. நீ வேலையப் பாரு."

மதியம்வரை அங்கேயே இருந்தார். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

இதை எழுதும்போது உள்ளறையிலிருந்து மகளின் குரல். "அப்பா, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?"

அவர் என்னவோ முணுமுணுக்கிறார். அவள் விடுவதாயில்லை. நான் எழுந்து போகவில்லை.