வானத்தில் குண்டும் குழியும் இல்லை

உர்கென்ச், உஸ்பெகிஸ்தான்,
வியாழன் காலை.

அன்பு மகள் பிகாஜானுக்கு,

அப்பா எழுதுகிறேன். இறைவன் அருளால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே கோலாலம்பூரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் நாங்கள் கேட்பது. போன் இருக்க இதற்குக் கடிதம் எதற்கு என்று உன் அம்மா சலித்துக்கொள்கிறாள். போனில் எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது, பாதியில் அவள் பிடுங்கிக்கொள்வாள், உனக்கே தெரியும். அதிலும் இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான், ஆனாலும் கண்ணால் பார்த்ததை இன்னும் முழுதாக நம்பமுடியாமல்தான் எழுதுகிறேன்.

விஷயம் உன் சித்தப்பா மத்கரீமைப் பற்றியது. அவனுடைய மெல்லிய தோல் முலாம்பழத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தோட்டத்து ஓரமாகக் குதிரை ஓடினால் குளம்புச் சத்தத்துக்கே பிளந்துகொள்ளும் பழம். அந்தக் காரணத்தாலேயே அது நகரத்துச் சந்தைக்குக்கூடப் போனதில்லை, தோட்டத்தில் உட்கார்ந்து தின்றவர்கள் தின்றதோடு சரி. அவன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்த்தான் குடும்பத்தை ஓட்டுகிறான். போன தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான், நேராக நிமிரவே ஒரு மாதம் ஆயிற்று. அப்படியும் இந்த வருடம் மறுபடி போவதற்குப் பஸ்ஸில் இடம் சொல்லி வைத்திருந்தான். போனால் முழுசாகத் திரும்புவானா என்று எனக்குப் பயம். அதை அவனிடம் சொல்லவும் பயம்.

உன் ஊரிலிருந்து நேராக இங்கே விமானம் வரத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. வாரம் ஒருமுறை வந்து இறங்குகிறது, கிவா கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டமாக இறங்குகிறார்கள். டாக்ஸி ஓட்டும் இஸ்கந்தர் இப்போது என்னைக்கூட மலாய் மொழியில் நன்றி சொல்லித்தான் இறக்கிவிடுகிறான். போன இலையுதிர் காலத்தில் அவன் ஸுரைதா என்ற அம்மாளை நம் தோட்டத்துக்கு அழைத்து வந்தான். கோட்டையைப் பார்க்க வந்தவள், கோலாலம்பூரில் பழ வியாபாரம். ஒரு துண்டு வாயில் போட்டவள் கேட்காமலே இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள். பிறகு, இது ஏன் எங்கள் ஊருக்கு வருவதில்லை என்று இஸ்கந்தரைக் கேட்கச் சொன்னாள். மத்கரீம், "அக்கா, இது பக்கத்துத் தெருவுக்கே போகாது, உங்க ஊருக்கு எங்க வரும்?" என்றான். அவள் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை முழுசாக வந்து சேரட்டும், அதற்குப் பிறகு பருவம் முழுக்க வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். சான்றிதழ், முத்திரை எல்லாம் அவளுடைய ஆட்களே இந்தக் கோடையில் முடித்துவிட்டார்கள். விமானம் வரை கொண்டு சேர்ப்பது மட்டும் எங்கள் பாடு.

நீ முதல் தடவை போனபோது, விமானத்தில் மேஜைமேல் வைத்த தேநீர் அலுங்கவே இல்லை என்று சொன்னாயே, அது எனக்கு நினைவு வந்தது. மேலே குண்டும் குழியும் கிடையாது, கஷ்டமெல்லாம் தோட்டத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும்தான் என்று தோன்றிற்று. சரியாக இருக்குமா என்று எனக்கே சந்தேகம். ஒரு கிண்ணம் தண்ணீரையும் மூன்று பழங்களையும் லாரியில் வைக்கோல்மேல் வைத்து ஓட்டிப் பார்த்தோம். கால்வாய்ப் பாலம் வருவதற்குள் தண்ணீர் பாதி போயிற்று, பழம் மூன்றும் போயிற்று. "ரோடு மோசம்னு கண்டுபிடிக்கக் கிண்ணம் எதுக்குண்ணே? தலைய வெளியே நீட்டினா போதாதா?" என்றான் உன் சித்தப்பா. சிரித்தானே தவிர முகம் சரியில்லை. உன் அம்மாதான், "பிகாஜான ஆஸ்பத்திரிலேருந்து லாரிலயா கொண்டுவந்தோம்? மாரோட அணைச்சுக்கிட்டு நடந்துதானே வந்தீங்க. இதையும் அப்படித் தூக்கிட்டு நடங்க" என்றாள்.

ஆகவே நடந்தோம். ஊரில் வீடு கட்டினால் எல்லோரும் ஒரு கை கொடுப்பதைப் போல, விடியும்போதே தெரு முழுக்க வந்து நின்றது. பஞ்சு வைத்த பெட்டிக்குள் ஆளுக்கு ஒரு பழம். யாரும் உரக்கப் பேசவில்லை, இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டார்கள். பாதி வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் எதிரே வந்துவிட்டது, தாரையும் தப்பட்டையுமாக. எனக்கு உயிரே போயிற்று. இஸ்கந்தர் ஓடிப்போய், "மாப்பிள்ளை, உனக்குப் புண்ணியமாப் போகும், மேளத்த நிறுத்தச் சொல்லுடா, பழம் வெடிச்சுரும்!" என்று கெஞ்சினான். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "எங்க பையன் கல்யாணத்தவிட உங்க பழம் பெரிசாப் போச்சா?" என்று வாய் ஓயாமல் ஏசினாள், ஆனால் முதலில் மேளக்காரன் கையைப் பிடித்து நிறுத்தியவளும் அவள்தான். ஒரு கல்யாணமே மூச்சுக் காட்டாமல் ஓரமாக நிற்க, நாங்கள் கடந்து போனோம்.

சரக்கு ஏற்றும் கொட்டகையில் இரும்புச் சக்கரத் தள்ளுவண்டி நின்றது. அதில் வைத்துத்தான் விமானத்துக்குத் தள்ளுவார்கள், கையில் தூக்குவதற்கு விதியில் இடம் கிடையாது என்றார் அதிகாரி. எனக்கு அதிகாரிகள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அதிர்வைப் பற்றி ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், பாடம் நடத்துவதைப் போல் ஆகிவிட்டது. அவர் பொறுமையிழந்து ஒரு பெட்டியைத் திறந்தார். தட்டப் போகிறார் என்று தெரிந்தது. "முலாம்பழத்தத் தட்டிப் பாக்காம வாங்கற ஆளா நான்?" என்று விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பழம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிளந்து சாறு அவர் சட்டைக் கைக்குள் ஓடிற்று. "இதைத்தான் ஐயா எங்கண்ணன் இவ்வளவு நேரமாச் சொல்ல வந்தாரு" என்றான் மத்கரீம். அதிகாரி ஒரு துண்டை எடுத்துத் தின்றார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "டேய், வண்டியத் தொட்டீங்க, தொலைச்சுருவேன். ஆளுக்கு ஒண்ணு, கையில" என்று உள்ளே பார்த்துக் கத்தினார், கத்தியதும் தானே பயந்து பெட்டிகளைப் பார்த்தார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், மகளே. விமானத்தின் முன்பக்கப் படியில் உன் ஊர்க்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், குடையும் கேமராவுமாக. அவர்களுக்குக் கீழே, அதே விமானத்தின் வயிற்றுக்குள் நம் பழங்கள் போய்க்கொண்டிருந்தன. பெட்டிகளை அணைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போகும் ஆட்களைப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமலே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், நெஞ்சில் கை வைத்து வணங்கினார்கள். இவர்களுக்குக் கை ஒழியவில்லை, தலையை மட்டும் தாழ்த்தினார்கள். நமக்குக் கடல் கிடையாது, துறைமுகம் கிடையாது, நான்கு பக்கமும் மணல். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு கரை வந்து நின்றதைப் போல் இருந்தது அந்த விமானம். பாடத்தில் எத்தனையோ தடவை படம் போட்டு விளக்கியிருக்கிறேன், அது ஏன் மேலே எழும்புகிறது என்று. அன்றைக்கு அது எழும்பியபோது அந்தப் படம் எதுவும் எனக்கு உதவவில்லை, வாயைத் திறந்தபடி நின்றேன்.

எழும்பிய பிறகுதான் உறைத்தது. குளம்புச் சத்தத்துக்கே பிளக்கும் பழத்துக்கு என்ஜின் சத்தம் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. காலுக்குக் கீழே தரை நடுங்கிற்று. மத்கரீமிடம் சொல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மறுநாள் மாலை ஸுரைதா அம்மாள் இஸ்கந்தரின் போனில் கூப்பிட்டாள். இரண்டு பழம் வெடித்திருந்தது, மற்றதெல்லாம் முழுசு. ஒன்றை எடுத்துக் கத்தியால் தொட்டாள், அது பிளந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. எத்தனை மலை, எத்தனை கடல் தாண்டி! மத்கரீம் போனை வாங்கி இன்னொன்றை வெட்டச் சொல்லி இன்னொரு தடவை கேட்டான். ராத்திரியே பஸ்காரரிடம் போய்த் தன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தான்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. ஆசையில் ஒரு தப்புச் செய்துவிட்டோம். தோட்டத்திலேயே சிறந்த பழங்களை விதைக்கென்று அவன் ஒதுக்குவது வழக்கம். முதல் சரக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று அவற்றையும் சேர்த்து ஏற்றிவிட்டோம், இங்கே மிச்சம் இருப்பது சுமார் ரகம்தான். நல்ல விதை இப்போது உன் ஊரில் இருக்கிறது. எறிந்துவிட வேண்டாம் என்று ஸுரைதா அம்மாளிடம் சொல்லிவிட்டோம். நீ போய் வாங்கிக் கழுவி நிழலில் காய வை, வெயிலில் வைக்காதே. விதை கொண்டுவர அனுமதிக் காகிதம் வேண்டுமாம், அதையும் விசாரி. தபாலில் போட்டாலே வந்துவிடும் என்கிறான் மத்கரீம். வரலாம். ஆனால் ஒரே விமானம், நடுவில் எங்கும் மாற வேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் நான் உன்னை வா என்று எழுதியதில்லை, உனக்கு என்ன சிரமமோ என்று நினைத்துக்கொள்வேன். இது விதை விஷயம் என்பதால் எழுதுகிறேன். நீயே கையோடு கொண்டுவந்தால் நல்லது. குழந்தைக்கு ஜன்னல் ஓரமாக இடம் கேள்.

இறைவன் உங்கள் மூவரையும் காக்கட்டும், உன் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும். ஏப்ரல் கடைசியில் விதைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
குர்பான்பாய்